அடுக்களை எண்ணெயும் இன்சுலினும்

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது நம் முன்னோர் வழங்கிவந்த பழமொழி. வாணியன் என்பான் செக்கில் எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்து விற்பவன். நல்ல எண்ணெய்க்குச் செலவிடுவோன் மருத்துவருக்குச் செலவிட நேராது என்பது அதன் பொருள். பகலெல்லாம் வயலில் உழைத்து, வாரந்தோறும் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகி, பண்டிகை நாட்களில் மட்டுமே வாணலியை அடுப்பிலேற்றிய குடும்பங்களுக்கு இஃது ஏற்ற அறிவுரையே. காலை முதல் மாலை வரை நாற்காலியில் அமர்ந்து பணிபுரிந்து, நாள்தோறும் ஏதேனும் ஒரு வறுவலையோ பொரியலையோ உண்டு வாழும் இன்றைய நம் குடும்பங்களுக்கும் அது பொருந்துமா என்பதே நாம் இங்கு ஆராய விரும்புவது.

திருவனந்தபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் அடுக்களை இரு நாடுகளின் எல்லை போன்றது. நெல்லையிலிருந்தும் தென்காசியிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்தோர் நல்லெண்ணெயைக் கொணர்ந்தனர். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்தோர்க்குத் தேங்காய் எண்ணெய் பிறப்பிலேயே பழக்கமானது. கரமனையிலும் வலியசாலையிலும் கோட்டைக்கு உள்ளேயும் தலைமுறை தலைமுறையாக வாழ்வோர் இரண்டையும் கலந்தே ஆள்கின்றனர். தோசைக்கு ஒன்று, அவியலுக்கு ஒன்று என்று வகுத்துக்கொண்ட இல்லங்களும் பல. ஆயின் அண்மைக் காலத்தில் இந்த அமைதி குலைந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் நஞ்சு என்று ஒருவர் கைப்பேசியில் செய்தி அனுப்புகிறார். அதுவே அமிழ்து என்று மறுநாள் இன்னொருவர் அனுப்புகிறார். வீட்டில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவர் இருந்துவிட்டால், மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையே எண்ணெய்ப் போரே மூண்டுவிடுகிறது. ஆகவே ஆராய்ச்சியாளர் கண்டவற்றை நிரல்படக் கூறி, நம் இல்லங்களுக்குப் பயன்படும் முடிவொன்றை எடுத்துரைத்தல் கடமையெனக் கருதுகிறோம்.

நோயின் பரப்பு

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நாடு முழுவதும் நடத்தப்பெற்ற பெரும் ஆய்வொன்றின் முடிவு 2023-ஆம் ஆண்டு வெளியாயிற்று. அதன்படி, இந்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டோருள் 11.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. எண்ணிக்கையில் இது 10 கோடிக்கும் அதிகம். கேரளத்திலோ இவ்விழுக்காடு 25.5. அதாவது வயது வந்தோர் நால்வருள் ஒருவர். கோவாவும் புதுச்சேரியும் மட்டுமே இதனைச் சற்று விஞ்சி நிற்கின்றன. நாம் குடியேறி வாழும் மண் கல்வியிலும் மருத்துவத்திலும் முன்னணியில் நிற்பது உண்மை. இந்நோயிலும் அது முன்னணியில் நிற்பதை நாம் மறத்தல் ஆகாது.

இன்சுலின் எதிர்ப்பு என்பது யாது?

நாம் உண்ணும் சோறும் இட்டலியும் குருதியில் சர்க்கரையாகச் சேர்கின்றன. அச்சர்க்கரையைத் தசைகளுக்குள் புகுத்துவதும், கல்லீரல் தன்பால் உள்ள சர்க்கரையை அளவின்றிக் குருதியில் வெளிவிடாதபடி தடுப்பதும் கணையம் சுரக்கும் இன்சுலினின் வேலை. நீரிழிவு என்றால் இன்சுலின் இல்லாமையே என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். 1936-ஆம் ஆண்டு ஹிம்ஸ்வர்த் என்னும் ஆங்கில மருத்துவர், நீரிழிவாளருள் ஒரு சாராரிடம் இன்சுலின் எளிதில் வேலை செய்வதையும், மற்றொரு சாராரிடம் அது தடைப்படுவதையும் எடுத்துக்காட்டினார். 1960-இல் ரோசலின் யாலோ அம்மையாரும் சாலமன் பெர்சனும் குருதியிலுள்ள இன்சுலினை நுட்பமாக அளக்கும் முறையைக் கண்டறிந்தபோது இவ்வுண்மை மேலும் தெளிவாயிற்று. நடுவயதில் நீரிழிவுற்ற பலருக்கு இன்சுலின் குறைவாயில்லை. போதிய அளவு இருந்தும் உடல் அதன் சொற்கேளாமலிருந்தது. இந்நிலையையே இன்சுலின் எதிர்ப்பு என்கிறோம்.

உடல் ஏன் சொற்கேளாமல் போகிறது? இதனை விளக்க நம் வீட்டுப் பத்தாயமே போதும். விளைந்த நெல் பத்தாயத்தில் இருக்கும் வரை வீடு வீடாக இருக்கும். பத்தாயம் நிறைந்தபின் வரும் மூட்டைகளைத் திண்ணையிலும் கூடத்திலும் அடுக்களையிலும் அடுக்கினால், நடக்கவும் சமைக்கவும் இடமின்றிப் போகும். கொழுப்பைச் சேமிக்க இயற்கை அமைத்த பத்தாயம் தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசு. அதன் கொள்ளளவு கடந்தால் எஞ்சிய கொழுப்பு கல்லீரலிலும் தசைகளிலும் வயிற்றின் உட்புறத்திலும் தங்குகிறது. அங்கே சேர்ந்த கொழுப்பிலிருந்து பிறக்கும் சில பொருள்கள் இன்சுலின் தரும் செய்தியை உயிரணுவுக்குள் செல்லாதபடி தடுக்கின்றன. 1963-ஆம் ஆண்டிலேயே பிலிப் ராண்டில் என்னும் அறிஞர், கொழுப்பை எரிக்கும் தசை சர்க்கரையை ஏற்க மறுக்கிறது என்று காட்டியிருந்தார். விளக்கம் பின்னர் பலவாறு திருத்தப்பெற்றபோதிலும், கொழுப்புக்கும் சர்க்கரைக்கும் உள்ள பிணக்கை முதலில் தெளிவாகச் சுட்டியவர் அவரே.

இங்கே நம் இனத்தாருக்கென ஓர் எச்சரிக்கை உண்டு. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக், இலண்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் தம் உடல்களையே சான்றாக வைத்து 2004-இல் ஒரு படம் வெளியிட்டனர். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் எண் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆயின் ஆங்கிலேயர் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு; நம் நாட்டவர் உடலில் 21.2 விழுக்காடு. பார்வைக்கு மெலிந்த இந்தியர் உள்ளே பருத்திருக்கக் கூடும் என்பதே அப்படத்தின் செய்தி. நம் பத்தாயம் சிறியது, விரைவில் நிரம்புவது. "எனக்குத் தொந்தி சற்றே, உடல் மெலிவுதான்" என்று நம்மவர் ஆறுதல் கொள்வது தவறு.

எண்ணெய்களின் இயல்பு

எல்லா எண்ணெய்களும் கொழுப்பு அமிலங்களால் ஆனவை. அவற்றை மூவகையாகப் பிரிப்பர். கரிமச் சங்கிலியில் ஏற்கக்கூடிய ஹைட்ரஜன் முழுவதையும் ஏற்றுக்கொண்டது நிறைவுற்ற அமிலம். ஓரிடத்தில் குறைவுடையது ஒற்றை நிறைவுறா அமிலம். பல இடங்களில் குறைவுடையது பன்மை நிறைவுறா அமிலம். குளிர்ந்த விடியற்காலையில் தேங்காய் எண்ணெய் சீசாவில் உறைந்து நிற்க, நல்லெண்ணெய் நீர்போல் அசைவதை நாம் அனைவரும் கண்டிருக்கிறோம். நிறைவுற்றது உறையும், நிறைவுறாதது எளிதில் உறையாது.

தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைவுற்ற அமிலம். அதில் பாதியளவு லாரிக் அமிலம் என்னும் ஒருவகை. கடைப்பலகாரங்களில் மிகுதியாகப் புழங்கும் பாமாயிலில் பாதி நிறைவுற்றது. அதில் பெரும்பகுதி பால்மிடிக் அமிலம். நல்லெண்ணெயில் நிறைவுற்றது 15 விழுக்காட்டையொட்டியே உண்டு. எஞ்சியது ஒற்றை நிறைவுறாததும் பன்மை நிறைவுறாததுமாக ஏறத்தாழச் சரிபாதி. கடலை எண்ணெயில் ஒற்றை நிறைவுறாத ஒலியிக் அமிலம் ஓங்கி நிற்கும். சூரியகாந்தி எண்ணெயில் பன்மை நிறைவுறாத லினோலியிக் அமிலம் மிகுதி.

ஆய்வுகள் கூறுவது

சுவீடன், பின்லாந்து, டென்மார்க், இத்தாலி, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளிலுள்ள ஐந்து நகரங்களில் 162 நலமுள்ளோரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2001-இல் வெளியாயிற்று. ஒரு சாரார் மூன்று மாதம் நிறைவுற்ற கொழுப்பு மிகுந்த உணவையும், மற்றவர் ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த உணவையும் உண்டனர். முதற் சாராருக்கு இன்சுலினின் ஆற்றல் 10 விழுக்காடு குறைந்தது, மற்றவருக்கு மாறுதலில்லை. இதனோடு நின்றிருந்தால் எண்ணெயை மாற்றினால் போதும் என்று கூறிவிடலாம். ஆனால் அவ்வாய்வு இன்னொன்றையும் கண்டது. மொத்த உணவாற்றலில் 37 விழுக்காட்டுக்கு மேல் கொழுப்பாகவே உண்டவர்களுக்கு, எண்ணெய் வகையை மாற்றியதால் எந்த நன்மையும் விளையவில்லை. அளவு மீறியவருக்கு வகையால் பயனில்லை என்பது இதன் பொருள்.

சுவீடனின் உப்சாலா நகரில் நடந்த மற்றோர் ஆய்வு 2014-இல் வெளிவந்தது. எடை மிகாத இளைஞர் 39 பேருக்கு வழக்கமான உணவுக்கு மேல் ஏழு வாரம் சிறு கேக்குகள் கொடுக்கப்பட்டன. பாதிப்பேர் உண்டவை பாமாயிலில் செய்தவை. மற்றவர் உண்டவை சூரியகாந்தி எண்ணெயில் செய்தவை. இரு சாராருக்கும் உடல் எடை ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ கூடிற்று. ஆயின் பாமாயில் உண்டவருக்குக் கல்லீரலிலும் வயிற்றின் உட்புறத்திலும் கொழுப்பு அதிகமாகச் சேர்ந்தது. சூரியகாந்தி உண்டவருக்குத் தசை கூடுதலாக வளர்ந்தது. ஏறிய எடை ஒன்றே. அது போய்த் தங்கிய இடம் வேறு.

2016-இல் 102 உணவுச் சோதனைகளை, அவற்றில் பங்குகொண்ட 4,220 பேரின் விவரங்களோடு தொகுத்து ஆராய்ந்தனர். மாவுச்சத்துக்கோ நிறைவுற்ற கொழுப்புக்கோ ஈடாகப் பன்மை நிறைவுறாக் கொழுப்பை உண்டபோது சர்க்கரை நிலையும் இன்சுலின் எதிர்ப்பும் ஓரளவு சீர்பட்டன. நன்மை உண்டு, அது பெரிதன்று. உடற்பருமனோடு வேறு கோளாறுகளும் சேர்ந்த 417 பேரை ஐரோப்பாவில் 12 வாரம் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டவர்களோ, கொழுப்பின் வகையை மாற்றியதால் இன்சுலின் எதிர்ப்பில் மாறுதலே காணவில்லை. நோய் முற்றிய வீட்டில் எண்ணெய்ச் சீசாவை மட்டும் மாற்றுவது போதாது என்றே நாம் இதனைக் கொள்ளுதல் வேண்டும்.

தேங்காய் எண்ணெயின் வழக்கு

கொச்சியில் இதயநோய் உடைய 200 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குத் தேங்காய் எண்ணெயும் மறு பிரிவினருக்குச் சூரியகாந்தி எண்ணெயும் சமையலுக்குத் தந்து இரண்டாண்டு கவனித்த ஆய்வு 2016-இல் வெளியாயிற்று. குருதிக் கொழுப்பிலோ இதய நிகழ்வுகளிலோ இரு பிரிவினருக்கும் வேற்றுமை தோன்றவில்லை. தேங்காய் எண்ணெய் அன்பர்கள் இதனை மகிழ்ந்து பாராட்டுவர். ஆனால் அந்நோயாளிகள் அனைவரும் முறையான மருந்துச் சிகிச்சையில் இருந்தவர்கள் என்பதையும் சேர்த்தே படித்தல் வேண்டும்.

2020-இல் 16 சோதனைகளைத் தொகுத்த ஆய்வாளர்கள், மற்றத் தாவர எண்ணெய்களைக் காட்டிலும் தேங்காய் எண்ணெய் தீய கொலஸ்டிராலை ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்துகிறது என்று கண்டனர். சர்க்கரை நிலையைப் பொறுத்தவரை அது கெடுதலும் செய்யவில்லை, நன்மையும் செய்யவில்லை. ஆகவே நீரிழிவைப் போக்கும் மருந்தென்று காலையில் வெறும் வயிற்றில் தேங்காய் எண்ணெயைக் கரண்டி கரண்டியாகக் குடிப்போர்க்கு அவ்வாய்வில் ஆதாரமில்லை. அவியலின் மேல் ஒரு கரண்டி தேங்காய் எண்ணெயைத் தெளிப்பவர் அஞ்சவும் வேண்டியதில்லை. தீய கொலஸ்டிரால் மிகுந்தோரும் இதயநோய் உடையோரும் மட்டும் அதனைக் குறைத்து, நல்லெண்ணெயையோ கடலை எண்ணெயையோ பெரும்பங்காகக் கொள்வது நலம்.

சோறும் கொழுப்பாகும்

எண்ணெயைப் பற்றியே பேசி, இலையில் குவிந்த சோற்றை மறந்துவிடலாகாது. தேவைக்கு மேல் உண்ட மாவுச்சத்தையும் சர்க்கரையையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அவ்வாறு அது ஆக்கும் கொழுப்பு பெரும்பாலும் பால்மிடிக் அமிலமே. பாமாயிலை வெறுத்து ஒதுக்குபவர் மூன்று கிண்ணம் பாயசம் பருகினால், பாமாயிலின் அமிலத்தைத் தம் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்கிறார். எண்ணெயைக் குறைத்து, அதற்கு ஈடாக இன்னும் இரண்டு அகப்பை வெள்ளைச் சோறு இட்டுக்கொள்வதால் ஆதாயமில்லை. பயறும் கீரையும் காயும் மீனும் சோற்றின் இடத்தைச் சிறிது பிடித்தல் வேண்டும்.

நெய்யாற்றங்கரை தந்த பாடம்

நம் மாவட்டத்திலேயே நடந்த ஒரு முயற்சியை நம் அன்பர்கள் அறிந்திருத்தல் நன்று. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்தைச் சார்ந்த அறிஞர்களும் பிறரும் கூடி, நெய்யாற்றங்கரை வட்டத்தில் 60 வாக்குச்சாவடிப் பகுதிகளிலிருந்து, நீரிழிவு வரக்கூடிய நிலையிலிருந்த 1,007 பேரைத் தேர்ந்தனர். 30 முதல் 60 வரை வயதுடைய அவர்களைக் கண்டறியப் பயன்பட்டது சென்னையில் உருவாக்கப்பட்ட ஓர் எளிய மதிப்பெண் முறை. வயது, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு, பெற்றோர்க்கு நோய் உண்டா என்னும் நான்கே கேள்விகள். மொத்தம் 100-இல் 60-உம் அதற்கு மேலும் பெறுவோர் ஆபத்தில் உள்ளோர். பாதிப் பகுதிகளில் ஊராருள் சிலரையே தலைவர்களாகப் பழக்கி, ஓராண்டுக் காலம் குழுவாகக் கூடி உணவும் நடையும் பற்றிப் பேசச் செய்தனர்.

முடிவு 2018-இல் வெளியாயிற்று. இரண்டாண்டுக்குப் பின் குழுவில் சேர்ந்தோருள் 14.9 விழுக்காட்டினருக்கும், சேராதோருள் 17.1 விழுக்காட்டினருக்கும் நீரிழிவு வந்திருந்தது. இவ்வேற்றுமை தற்செயலாகவும் நேர்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நேர்மையோடு ஒப்புக்கொண்டனர். ஆயினும் குழுவில் சேர்ந்தோர் காய்கனியைக் கூட்டினர். ஆடவர் மதுவைக் குறைத்தனர். அவர்களுடைய ஆபத்து மதிப்பெண்ணும் சிறிது இறங்கிற்று. இதற்கு முன் 2006-இல் வெளியான சென்னை ஆய்விலோ வெற்றி தெளிவாகவே இருந்தது. நோயின் விளிம்பில் நின்ற 531 பேருள், வெறும் பொது அறிவுரை பெற்றோரில் 55 விழுக்காட்டினர் மூன்றாண்டுக்குள் நீரிழிவுற்றனர். உணவையும் நடையையும் முறைப்படுத்திக்கொண்டோரில் 39.3 விழுக்காட்டினரே நோயுற்றனர். விளிம்பில் நிற்பவரை முன்னதாகவே கண்டு, இடைவிடாது உடனிருந்து ஊக்கினால் பயன் பெரிது.

இல்லத்துக்கு ஒரு கணக்கு

இவற்றையெல்லாம் திரட்டி நாம் கூறுவது இதுவே: எண்ணெயின் பெயரைக் கேட்பதற்கு முன் அதன் அளவைக் கேளுங்கள், அது எதற்கு ஈடாக வருகிறது என்பதையும் கேளுங்கள்.

ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட நெறிகளின்படி, நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்ணும் ஒருவருக்குச் சமையல் எண்ணெயும் நெய்யும் சேர்த்து 27 கிராம் போதும். மேசைக்கரண்டியால் அளந்தால் ஏறக்குறைய இரண்டு. வயது வந்தோர் நால்வர் உள்ள குடும்பத்துக்கு மாதம் மூன்றரை லிட்டர். உங்கள் இல்லத்தில் மாதம் எத்தனை லிட்டர் செலவாகிறது என்று மளிகைக் கணக்கைப் புரட்டிப் பாருங்கள். கணக்கு மிகுந்திருந்தால் முதலில் அதனைக் குறைப்பதே பெரும் மருத்துவம். கடையில் வாங்கும் பலகாரமும் இக்கணக்கில் சேரும். ஏத்தங்காய் வறுவலின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். சாலைக் கடைத்தெருவில் வாங்கிய 100 கிராம் பொட்டலத்தை ஒருவரே தீர்த்தால், அன்றைய எண்ணெய் முழுவதும் அதிலேயே முடிந்துவிடும். தேங்காய்த் துருவலிலும் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு உண்டு என்பதைக் குழம்புக்கு அரைக்கும்போது நினைவிற் கொள்க.

அளவு அடங்கியபின் வகையைக் கவனிக்கலாம். தாளிப்புக்கும் தோசைக்கும் நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ. அவியல், எரிசேரி போன்றவற்றுக்கு மணத்துக்காகச் சிறிது தேங்காய் எண்ணெய். இவ்வாறு மாற்றி மாற்றி ஆளும் நம் வீட்டு வழக்கம் அந்நிறுவனத்தின் நெறிக்கும் ஒத்ததே. ஒன்றைச் சேர்க்கும்போது மற்றொன்றைக் குறைத்தல் வேண்டும். பழைய எண்ணெய்க்கு மேல் "உடலுக்கு நல்லது" என்று புதிய எண்ணெயை ஊற்றினால், நிறைந்த பத்தாயத்தில் மேலும் ஒரு மூட்டையே ஏறும். வறுத்து எஞ்சிய எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சலாகாது.

வீட்டுக்கொரு அளவு நாடாவும் வேண்டும். இடுப்புச் சுற்றளவு ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரையும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால், வெறும் வயிற்றில் சர்க்கரையைச் சோதித்துக்கொள்வது நன்று. மருந்தோ ஊசியோ எடுத்துக்கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் உணவைத் திடீரென மாற்றலாகாது. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக் கூடும்.

இப்பொறுப்பு முழுவதையும் இல்லத்தரசியர் தலையில் சுமத்துவது நேர்மையாகாது. அடுப்பருகே நிற்பவர் ஒருவர். "இன்னும் இரண்டு வடை" என்று கேட்பவர் பலர். கேட்பவர் குறைத்தாலன்றிச் சமைப்பவரால் குறைத்தல் இயலாது. நெய்யாற்றங்கரையில் ஊரார் கூடிச் செய்த முயற்சியை நம் சங்கத்தாரும் செய்யலாம். மாதக் கூட்டத்தில் வடையும் கேசரியும் வழங்கும் வழக்கத்தை ஒருமுறை மாற்றிச் சுண்டலும் பழமும் வழங்கிப் பார்ப்போம். கூட்டம் முடிந்தபின் நாலு வீட்டார் சேர்ந்து நடந்தே வீடு திரும்புவோம். பிழைப்புத் தேடி வந்த ஊரில் நம் முன்னோர் சிக்கனமாக வாழ்ந்து கடையும் வீடும் கண்டனர். அச்சிக்கனத்தை நாம் எண்ணெய்க் கரண்டியிலும் காட்டினால், தேடிய செல்வத்தைத் துய்க்க உடல்நலமும் உடனிருக்கும்.